ஜவ்வு கிழிந்த மறுநாள்

தொலைக்காட்சித் திரையில் ‘திண்டுக்கல்’ என்று எழுத்து ஓடும். மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் நிற்பதோ நத்தத்தில். என்.பி.ஆர். கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் அந்தக் கிரிக்கெட் மைதானத்தில், தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கிய 2016-ஆம் ஆண்டிலேயே ஆட்டங்கள் நடந்தன. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களையும் அது பார்த்திருக்கிறது. 2025 ஜூலையில் லீக்கின் இறுதிப் போட்டியே இங்கு நடந்தது.

உடம்பால் போட்டி போடுவது நத்தம் மண்ணுக்குப் புதிதல்ல. மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏற இளைஞர்கள் முண்டியடிப்பார்கள். தை பிறந்தால் சுற்று ஊர்களில் மாடுபிடி. கோடையில் மின்னொளிக் கபடி. கபடியில் பேர் வாங்கிய பையனை ஏதாவது ஒரு கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் கண்டுபிடித்து, “எங்க காலேஜுக்கு வந்துருப்பா, ஃபீஸ் பாத்துக்கலாம்” என்று சொல்வதும் இந்தப் பக்கம் வழக்கமான கதைதான்.

அப்படிப் போன பையனும், அவனுடன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விளையாட்டுப் பக்கமே போகாமல் பி.காம். சேர்ந்த நண்பனும் மூன்று ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். இருவரில் யார் நன்றாக இருக்கிறார்கள்? மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கேட்கவில்லை. உடம்பு, மனசு, படிப்பு, பணம், பழகும் மனிதர்கள், நாளை பற்றிய நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “விளையாட்டு சோறு போடுமா?” கல்லூரி ஆண்டு விழா மேடையில் அதற்கு நேர் எதிரான பதில் தயாராக இருக்கிறது: “விளையாட்டு வீரர்களே எதிலும் முன்னணி.” இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தெரிந்ததை அடுக்கிப் பார்க்கலாம்.

ஆய்வுகள் சொல்வது

இந்தக் கேள்வியை அதிகம் ஆராய்ந்த நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நடத்துகிறது. 2016-ல் கேலப் நிறுவனம், கல்லூரியில் விளையாடி முடித்துப் பட்டம் பெற்றவர்களையும் விளையாடாத பட்டதாரிகளையும் ஒப்பிட்டது. வாழ்வில் பிடிப்பு, உறவுகள், ஊரோடு ஒட்டுதல், உடல்நலம், பணநிலை என ஐந்து கூறுகளைக் கேட்டார்கள். முதல் நான்கிலும் முன்னாள் வீரர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். பணத்தில் மட்டும் இரு தரப்பும் ஏறக்குறைய சமம்.

அதே 2016-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வேறொரு ஆய்வு வந்தது. என்.சி.ஏ.ஏ.யின் முதல்நிலைப் பிரிவுக் கல்லூரி ஒன்றில் அப்போது ஆடிக்கொண்டிருந்த 465 வீரர்களிடம் மூன்றாண்டுகள் கேட்டுப் பார்த்ததில், 23.7 விழுக்காட்டினரிடம் கவனிக்க வேண்டிய அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெண்களிடம் 28.1, ஆண்களிடம் 17.5. ஓட்டம், எறிதல், தாண்டுதல் பிரிவினரிடம் மற்ற விளையாட்டுகளைவிட அதிகம்.

இரண்டும் முட்டுவதுபோலத் தோன்றும். கேட்ட நேரத்தைப் பார்த்தால் முட்டல் தீரும். முதல் ஆய்வு கரை ஏறியவர்களைக் கேட்டது, இரண்டாவது நடு ஆற்றில் நீந்துபவர்களைக் கேட்டது. இரண்டாம் ஆண்டில் அடிபட்டு அணியை விட்டுப் போனவர், கல்லூரியையே விட்டுப் போனவர் ஆகியோரில் பெரும்பாலோர் முதல் கணக்குக்குள் வருவதே இல்லை. அதோடு, கல்லூரி அணிவரை வந்து சேருகிறவர் ஏற்கெனவே நல்ல உடம்பும் விடாப்பிடியும் உள்ளவர். அவர் நன்றாக இருப்பதற்கு விளையாட்டு காரணமா, நன்றாக இருந்ததால்தான் விளையாட்டுக்கே வந்தாரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மூன்றாவது சிக்கல் நம்முடையது. அமெரிக்க எண்களை அப்படியே நத்தத்துக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பெரிய கல்லூரி அணிகளுக்கென்று தனி மருத்துவர், உடலியக்க வல்லுநர், படிப்புக்கு வழிகாட்டி இருக்கிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதியும் இருக்கிறது, நடைமுறையில் அது மீறப்படுகிறது என்றாலும். நம் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் எல்லா விளையாட்டுக்கும் ஒரே உடற்கல்வி இயக்குநர். பயிற்சியாளரும் அவர்தான், மேலாளரும் அவர்தான், முதலுதவிப் பெட்டியும் அவர் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். ஆகவே எண்களை விட்டுவிட்டு, அவற்றின் பின்னால் உள்ள காரணங்களை எடுத்துக்கொள்வதே நமக்குப் பயன்.

உடம்பு: முந்துவதும் முறிவதும்

விளையாடாத மாணவரின் நிலை அவ்வளவு நன்றாக இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளில் உலகெங்கும் 81 விழுக்காட்டினர் தங்கள் வயதுக்கு வேண்டிய அளவு அசைவதில்லை என்று 2019-ல் அதே நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தப் பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். பேருந்தில் ஒரு மணி நேரம், வகுப்பில் ஐந்து மணி நேரம், மீதி கைப்பேசியில். இதயம், சர்க்கரை, எலும்பு, தூக்கம் எதை எடுத்தாலும் தினமும் ஓடுகிறவருக்கே ஆதாயம். இதில் வாதத்துக்கு இடமில்லை.

கணக்கு மாறுவது போட்டி விளையாட்டில். கபடியில் திடீரென நின்று திரும்பும்போது, கால்பந்தில் கால் ஊன்றி உடம்பு சுழலும்போது முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்துபோகும். மைதானத்தில் இதற்குப் பெயர் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’. அறுவை செய்து, ஒழுங்காக உடற்பயிற்சி சிகிச்சை எடுத்தால் மறுபடி ஆட ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். கல்லூரி ஆண்டு ஒன்று அதிலேயே போய்விடும். அறுவையைவிடச் செலவும் பொறுமையும் கேட்பது அதன் பின் வரும் பயிற்சி. அதற்கு வழியில்லாதவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு, வலி குறைந்ததும் களத்தில் இறங்குகிறார்கள். இரண்டாம் முறை குருத்தெலும்பும் சேர்ந்து போகிறது.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 2022 நவம்பரில் தமிழகம் பார்த்தது. சென்னையில் கல்லூரி முதலாமாண்டில் இருந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் ரத்த ஓட்டம் தடைபட்டுக் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். மருத்துவக் கவனக்குறைவு பற்றியே அப்போது பேசினோம், அது நியாயம். கல்லூரிக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடும் பிள்ளைக்கு அடிபட்டால் யார் எங்கே அழைத்துப்போவது, செலவு யார் பொறுப்பு என்பதற்கு எழுதி வைத்த ஏற்பாடு எத்தனை கல்லூரிகளில் இருக்கிறது என்ற கேள்வி அந்தப் பேச்சில் அமுங்கிப்போனது.

சாப்பாட்டுக் கணக்கும் இதில் சேரும். பயிற்சி செய்யும் உடம்புக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 2 கிராம்வரை புரதம் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் பொதுவான கணக்கு. 60 கிலோ பையனுக்குக் குறைந்தபட்சம் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு மறுபடி இட்லி என்று போகும் விடுதித் தட்டில் வயிறு நிறையும், கணக்கு நிறையாது. விளையாடாத மாணவருக்கு இந்தச் சாப்பாடு ஓரளவு போதும். விளையாடுகிறவருக்கு அதே தட்டு பற்றாக்குறை. ஒரே விடுதி, ஒரே பந்தி, ஆனாலும் நலம் இரண்டு விதம்.

பெண்கள்: இரட்டைச் சுமை

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21). அதாவது தடகளப் பாதையில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் தொடக்கக் கோட்டிலேயே களைத்திருக்கக்கூடும். செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், எலும்பு மெலிந்து விரிசல் விழும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் இதைத் தனிக் கோளாறாகவே எச்சரித்துவருகிறது. நம் ஊரில், “பிராக்டிஸ் அதிகம், அதான் வரலை” என்று பெண்களே அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஆணாக இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

அரசு நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சிற்றூரிலிருந்து வரும் மாணவிக்கு இது உண்மையான உதவி. ஆனால் மாலைப் பயிற்சி முடிவது ஆறரை மணிக்கு என்றால், ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதே அவர் விளையாட்டை நிர்ணயிக்கிறது. வீட்டுக்குப் போனால் அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும் ஓய்வு அவருக்குக் கிடையாது. அடுப்படி வேலை காத்திருக்கும்.

இதையெல்லாம் தாண்டி வந்த ஒருவர் நத்தத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறார். மதுரை அருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். வெறுங்காலில் ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். பாட்டி முதலில் தயங்கினார், பிறகு இசைந்தார். மதுரை லேடி டோக் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ரயில்வே வேலையும் கிடைத்தது. இந்தக் கதையைத் திறமைக்கும் உழைப்பிற்கும் சான்றாகச் சொல்வது வழக்கம். கூர்ந்து பார்த்தால் ஒரு பயிற்சியாளர், ஒரு கல்லூரி, தங்க இடம், காலணி, வேலை என்று ஒவ்வொரு படியிலும் கீழே ஒரு கை இருந்தது தெரியும். அதில் ஒரு கை விலகியிருந்தாலும் கதை சக்கிமங்கலத்திலேயே முடிந்திருக்கும்.

மனசு: அணி கொடுப்பது, பெயர் பறிப்பது

கிராமத்திலிருந்து நகரக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்கு முதல் அரையாண்டு கொடுமையானது. பேச ஆள் இல்லை, ஆங்கிலம் புரியவில்லை, கேட்க வெட்கம். அணியில் இருப்பவருக்கு இந்தத் தனிமை குறைவு. முதல் நாளே பதினைந்து பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சீனியர் பழைய புத்தகம் கொடுப்பார். பி.டி. சார் துறைத் தலைவரிடம் பேசுவார். கேலப் கண்ட ‘உறவுகள்’ என்ற ஆதாயம் இங்கேயும் கண்கூடு.

அந்த ஆதாயத்துக்கு ஒரு விலையும் உண்டு. ‘கபடிக்காரன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிடும். தன்னை விளையாட்டுக்காரனாக மட்டுமே ஒருவர் எவ்வளவு தூரம் எண்ணுகிறார் என்பதை அளக்க அமெரிக்க உளவியலாளர்கள் 1993-ல் ஓர் அளவுகோலே உருவாக்கினார்கள். அந்த எண்ணம் எவ்வளவு இறுகியிருக்கிறதோ, அடிபடும்போதும் ஆட்டம் முடியும்போதும் மனம் அவ்வளவு உடைகிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் பொதுப் போக்கு. பல்கலைக்கழக அணித் தேர்வில் பெயர் வராத அன்று ஒருவர் இழப்பது ஓர் ஆட்டத்தை மட்டுமல்ல. ஊரில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சொல்லையும் சேர்த்து இழக்கிறார். “வலியத் தாங்குறவன்தான் பிளேயர்” என்று பழக்கப்பட்டவருக்கு, மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதும் மற்ற மாணவரைவிடக் கடினம். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 தமிழிலும் பேசும். 2022 முதல் இயங்குகிறது. கல்லூரி உடற்பயிற்சிக்கூடச் சுவரில் அதை எழுதி வைக்கப் பெயிண்ட் செலவுகூட அதிகம் ஆகாது.

படிப்பு: ஓ.டி.யும் அரியரும்

கல்லூரி அணியில் இருப்பவருக்கு மிகப் பழகிய சொல் ‘ஓ.டி.’ போட்டிக்குப் போன நாட்களை வருகையாகக் கணக்கில் ஏற்றும் சலுகை அது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்கு 65 வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆக, வருகைப் பதிவேடு காப்பாற்றப்படுகிறது. ஆனால் அந்த நாட்களில் நடத்திய பாடம்? ஆய்வகப் பயிற்சி? அகமதிப்பீட்டுத் தேர்வு? ஓ.டி. வருகையைத் தரும், பாடத்தைத் தராது. அரியர் விழுவது இந்த இடைவெளியில்தான்.

விளையாடுகிறவருக்குப் படிப்பு வராது என்பது பொய். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி 2024-ல் முதன்முறையாகக் கோப்பை வென்றபோது தலைவராக இருந்த அஸ்வின் பொறியியல் பட்டதாரி. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன் அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. ஆனால் இவர்களைக் காட்டி மற்றவர்களைக் குறைசொல்வது தவறு. தவறவிட்ட பாடத்தை மறுபடி நடத்தவும், போட்டி நாளில் வந்த தேர்வை வேறு நாளில் வைக்கவும் கல்லூரி முன்வந்தால் சாதாரண வீரரும் தேறுவார். தேசியக் கல்விக் கொள்கை 2020 பாடம், பாடத்துக்கு அப்பாற்பட்டது என்ற சுவர் வேண்டாம் என்கிறது. 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு விளையாட்டுக்கும் கிரெடிட் தர வழி வைத்திருக்கிறது. வழி தாளில் இருக்கிறது. அது கால அட்டவணைக்குள் இறங்க வேண்டும்.

பணம்: கோட்டா என்னும் கயிறு

நத்தம் சுற்று வட்டாரத்தில் விளையாடாத மாணவர் பலருக்கு வகுப்புக்குப் பிறகு ஒரு வேலை உண்டு. சட்டை தைக்கும் கூடத்தில் பட்டன் கட்டுவது, மாங்காய்ப் பருவத்தில் தரம் பிரிப்பது, கடையில் நிற்பது. அந்தக் கூலியில் கைப்பேசிக்கும் தங்கை நோட்டுக்கும் வழி பிறக்கும். மாலை முழுவதும் மைதானத்தில் இருப்பவருக்கு அந்த வருமானம் இல்லை, செலவு மட்டும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதில் தினம் இரண்டு முட்டையும் ஒருபிடி கடலையும் வாங்கலாம். ஓட்டக்காரருக்கு வேண்டிய ஸ்பைக்ஸ் காலணிக்குப் பல மாதம் சேர்க்க வேண்டும்.

எதிர்பார்ப்பெல்லாம் கோட்டாவில். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். மாநில அரசு வேலைகளில் 3 விழுக்காடு. ரயில்வே, காவல்துறை, ராணுவம் தனி. கயிறு வலுவானதுதான். ஆனால் அதைப் பிடிக்க மாநில, தேசியச் சான்றிதழ் வேண்டும். கல்லூரி அணியில் ஆடும் பத்தில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும் என்பது அவர்களுக்கே தெரியும். வாய்க்காதவர் இருபத்தோராம் வயதில் இரண்டு அரியரோடும் தேய்ந்த முழங்காலோடும், கூட்டாளி ஏற்கெனவே மூன்று ஆண்டு சம்பாதித்துவிட்ட ஊருக்குத் திரும்புகிறார்.

ஆட்டம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்தில் சாந்தி சௌந்தரராஜனைவிடச் சான்று வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சிப் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த செய்தி நாடு முழுவதும் வந்தது. பிறகு பயிற்சியாளர் பட்டயம் படித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். இடையில் போன பத்து ஆண்டுகளுக்கு யாரும் கணக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே

ஒப்பீட்டின் முடிவு இது. ஆடிக்கொண்டிருக்கும்வரை, அடிபடாதவரை, அணியில் பெயர் இருக்கும்வரை கல்லூரி விளையாட்டு வீரர் மற்ற மாணவரைவிட உடம்பிலும் உறவிலும் நன்றாகவே இருக்கிறார். ஆட்டம் நின்ற நாளில் அதே மாணவர் மற்றவரைவிடக் கீழே போகிறார். ஏனென்றால் மற்றவர் சேர்த்துவைத்த பாடமும் கூலியும் வேறு பெயர்களும் இவரிடம் இல்லை. வீரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, தாங்கிப் பிடிக்கப்பட்ட வீரருக்கும் கைவிடப்பட்ட வீரருக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிது.

இதை விதியாலும் மாற்றலாம். அமெரிக்காவில் 2015-ல் பெரிய ஐந்து கூட்டமைப்புகளின் கல்லூரிகள், ஆட்டம் சரியில்லை அல்லது அடிபட்டுவிட்டது என்பதற்காக உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்று வாக்களித்தன. 2024 ஆகஸ்ட் முதல், முதல்நிலைக் கல்லூரிகள் விளையாட்டில் பட்ட காயத்துக்குப் படிப்பு முடிந்த பின்னும் குறைந்தது இரண்டாண்டு மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் இந்த இரண்டு விதிகளில் முதலாவதற்குப் புதிதாகப் பெரிய பணம் வேண்டாம். அடிபட்ட மாணவரின் கட்டணச் சலுகையும் விடுதி இடமும் படிப்பு முடியும்வரை தொடரும் என்று சேர்க்கைக் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

மற்றவையும் எளியவை. அணி வீரர் அனைவருக்கும் குழு விபத்துக் காப்பீடு. ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. விடுதித் தட்டில் கூடுதலாக இரண்டு முட்டை, ஒருபிடி கடலை. ஓ.டி. நாட்களுக்கு ஈடாக மறு வகுப்பும் மறு தேர்வும். மாணவிகள் பேச ஒரு பெண் ஆசிரியர். இறுதியாண்டில் ஆட்டத்துக்குப் பிறகு என்ன என்று உட்கார்ந்து பேச ஒரு மாலை. நத்தத்தில் விளக்குக் கம்பம் நட முடிந்தவர்களுக்கு இவை பெரிய காரியங்கள் அல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரிக்காரர் வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையின் ஆட்டத்தைப் புகழ்ந்து, கட்டணம் இல்லை என்று சொல்லும்போது, கோட்டாவில் இடம் உண்டா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக்கு ஜவ்வு கிழிந்தால் மறுநாளும் அந்த இடம் இருக்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.